ஆன்லைன் வகுப்பில் பதிலே வரவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். தண்டையார்பேட்டை வீட்டிலிருந்தே தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன். 62 பேர், பாதிப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், ஒருத்தர் பஸ்ஸில் நின்றபடி கேட்கிறார், அதனால் கேமராவைப் போடச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. "புரியுதா?" என்றால் சாட்டில் நாலு கட்டைவிரல், அவ்வளவுதான். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான். அதில் சின்னக் குழுவாகப் பிரித்துவிட்டால் ஐந்து நிமிடமும் மௌன விரதம். கூகுள் ஃபார்ம் அனுப்பினால் பதில் வருகிறது, ஆனால் போனவர்கள் வகுப்புக்குத் திரும்புவதில்லை. இட்லிப் பானை மேல் போனைக் கவிழ்த்து வைத்துத்தான் நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன் (சிரிக்காதீர்கள், நன்றாகவே தெரிகிறது).

டேட்டா அதிகம் இழுக்காமல் எல்லாரையும் பதில் சொல்ல வைக்க என்ன செய்கிறீர்கள்? அப்புறம், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஹாரனை அடக்குகிற, விலை குறைந்த மைக் ஏதாவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.