மறு: குடல் ‘டீகம்ப்ரஷன்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

முத்தியால்பேட்டை:
அன்பர்களே, நோயாளிகளுக்கான ஒப்புதல் படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இடப்பக்கப் பெருங்குடலில் புற்றுக்கட்டி அடைத்து வயிறு ஊதி வருபவருக்கு, உடனே வயிற்றைத் திறக்காமல் ஸ்டென்ட் (அடைப்பினூடே வழிவிடும் வலைக்குழல்) வைத்து ஊதலை இறக்குகிறார்கள். சுமார் 2 வாரம் கழித்து அறுவை. ஆங்கிலத்தில் ‘டீகம்ப்ரஷன்’ எனும் அந்த முதல் படிக்குத் தமிழில் பெயர் என்ன? ‘அழுத்தக் குறைப்பு’ என்றால் பி.பி. மாத்திரையா என்று கேட்கிறார்கள்.

மஞ்சக்குப்பம்:
‘அடைப்பு நீக்கம்’. எல்லாருக்கும் புரியும். இதற்கு ஒரு இழையா?

முத்தியால்பேட்டை:
புரிவதுதான் ஆபத்து, ஐயா. அடைப்பு நீங்குவதில்லை, கட்டி அங்கேயே இருக்கிறது. கட்டியைத் தாண்டி முதலில் வழிகாட்டிக் கம்பி. அதன்மேல் சுமார் 3 மி.மீ. பருமனுள்ள குழாய், எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி உள்ளிருக்கும் வலையை விடுவிப்பார்கள். நிக்கல்-டைட்டானியம் வலை ஓரிரு நாளில் தானே 22–25 மி.மீ. வரை விரியும். கட்டிக்கு இருபுறமும் 2 செ.மீ.யாவது நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நழுவும். பொறுமையில்லாமல் பலூனால் விரித்தால் குடல் ஓட்டையாகும். மலம் போய் வயிறு வற்றியதும், ‘நீங்கிவிட்டது’ என்று படிவமே சொன்னால் அவர் அறுவைக்கு ஏன் திரும்பி வருவார்?

திருப்பாதிரிப்புலியூர்:
ஸ்டென்ட்டுக்கே சொல் இருக்கிறதே: தூம்பு! ஏரித்தூம்பு கரையை உடைக்காமல் நீரை விடும், இதுவும் அதே வேலை. மலைபடுகடாத்தில் யானை உயிர்ப்பதுபோல் ஒலிக்கும் கருவியும் தூம்பு. ஆகவே ‘தூம்பிடல்’.

நெல்லித்தோப்பு:
மதகு என்றால் வீராணத்துக்காரருக்குப் புரியும். தூம்பு என்றால் அவரும் விழிப்பார். தவிர, ஸ்டென்ட் வைக்காமல் வயிற்றுச் சுவரில் ஒரு திறப்பு செய்து மலத்தை வெளியே பைக்கு விடுவதும் இதே படிதானே? அதையும் தூம்பிடல் என்பீர்களா? என் ஓட்டு ‘உப்பசத் தணிப்பு’.

மஞ்சக்குப்பம்:
உப்பசத்துக்கு எங்கள் தெருவில் ஓமத்தண்ணீர் கொடுப்பார்கள்.

முத்தியால்பேட்டை:
அதேதான். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்து வால்வு இறுகியிருந்தால் காற்று பின்னாலும் போகாது. மூக்குக் குழாய் போட்டும் பயனில்லை. பெருங்குடலின் தொடக்கப்பை 12 செ.மீ.க்கு மேல் விரிந்தால் வெடிக்கும் அபாயம். இதை உப்பசம் என்று சொல்ல மனம் வரவில்லை.
இன்னொன்று: முதல் வரைவில் யாரோ பெருங்குடலுக்குப் பதில் ‘மலக்குடல்’ (ஆசனவாயை ஒட்டிய கடைசிப் பகுதி) என்று போட்டிருக்கிறார்கள். மாற்றுங்கள். ஆசனவாயிலிருந்து 5 செ.மீ.க்குள் ஸ்டென்ட் வைப்பதில்லை; வலியும், எந்நேரமும் மலம் வருவதுபோன்ற முட்டலும் ஆளை உட்காரவிடாது.

நெல்லித்தோப்பு:
அப்படியானால் ‘முன்தணிப்பு’? அறுவைக்கு முன் என்பது சொல்லிலேயே இருக்கிறது. தணிவது தீர்வதல்ல.

திருப்பாதிரிப்புலியூர்:
புணர்த்தினால் முன்றணிப்பு. முன்றானை போல.

மஞ்சக்குப்பம்:
முன்றானை வீட்டில் இருக்கட்டும், படிவத்தில் பிரித்தே எழுதுங்கள். பசிக்கிறது, எனக்குச் சம்மதம்.

முத்தியால்பேட்டை:
சரி, ‘முன்தணிப்பு’ போகிறது. அடியில் தடித்த எழுத்தில்: “கட்டி உள்ளேயே இருக்கிறது, அறுவை இன்னும் பாக்கி.” ஸ்டென்ட் ஸ்டென்ட்டாகவே இருக்கும்.

திருப்பாதிரிப்புலியூர்:
கடைசி வரிக்கு நான் உடன்படவில்லை என்று பதிவு செய்துகொள்ளுங்கள். பித்தக்குழாய் ஸ்டென்ட்டுக்கும் படிவம் வருமல்லவா? தூம்பை அங்கே வைத்துக்கொள்கிறேன்.