ஹங்கேரியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? சபை வகுப்பு அனுபவங்கள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஹங்கேரியின் கிழக்கே டெப்ரெசென் நகரில் குடும்பத்தோடு இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. இங்கே ஒரு சீர்திருத்தச் சபையின் (கால்வின் வழி வந்த புராட்டஸ்டன்ட் சபை) கூடத்தில் வயதானவர்களுக்கு அடிப்படை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த மாதிரி வகுப்பு எடுத்தவர்கள் நம்மில் வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள். முதலில் என் அனுபவம்.

வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபது, எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் பள்ளியில் படித்த காலத்தில் ரஷ்ய மொழிதான் கட்டாயப் பாடம். 2004-இல் ஹங்கேரி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு பிள்ளைகள் பலர் இங்கிலாந்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு ஹங்கேரியன் அரைகுறையாகத்தான் வருகிறது. வீடியோ அழைப்பில் பாட்டி ஒன்று கேட்பார், பேத்தி ஒன்று சொல்லும், நடுவில் மகன் உட்கார்ந்து இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் குழந்தையோடு நேராகப் பேசிவிட வேண்டும் என்றுதான் இந்த நேனிகள் பனிக்காலத்திலும் வகுப்புக்கு வருகிறார்கள். வயதில் மூத்த பெண்களைப் பெயரோடு நேனி என்று சேர்த்துக் கூப்பிடுவது இங்கே வழக்கம். ஆண்கள் என்றால் பாச்சி.

தமிழ் பேசுகிறவருக்கு இவர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பது ஒருவகையில் சுலபம். இவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நாம் 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்கிறோம். ஹங்கேரியனிலும் அதே அமைப்புதான். அதனால் 'ஐ ஹேவ்' என்று தொடங்குவதே அவர்களுக்கு விசித்திரமாக இருக்கிறது. வேற்றுமை உருபுகளும் நம்மைப் போலவே சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்கின்றன. எண் வந்தாலே போதும், பெயர்ச்சொல் ஒருமையிலேயே நிற்கும்; 'டூ ஆப்பிள்' என்று இயல்பாகச் சொல்வார்கள். நம்மிடம் இல்லாத சிக்கல் ஒன்றும் உண்டு. அவன், அவள் இரண்டுக்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல். பேத்தியைப் பற்றி அரை மணி நேரம் 'ஹி' போட்டே பேசுவார்கள். அதற்கு நான் குடும்பப் படங்களைக் கொண்டுவரச் சொல்கிறேன். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது 'ஷி' தானாக வந்துவிடுகிறது.

என் வகுப்பை மாற்றியது ஒரு நேனியின் கேள்வி. சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். 'இயேசுவே வாரும், எங்கள் விருந்தாளியாய் இரும்' என்று தொடங்கும் சின்ன ஜெபம் அது. இங்குள்ள சீர்திருத்தச் சபை வீடுகளில் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். அதே ஜெபம் ஜெர்மனிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. வா, இரு, ஆசீர்வதி என்று எல்லாம் ஏவல் வினைகள். தொடக்க நிலைக்குப் பொருத்தமான பாடம். கிறிஸ்துமஸுக்கு மகன் குடும்பம் வந்தபோது நேனி ஆங்கிலத்தில் தொடங்க, பேரன் ஹங்கேரியனில் முடித்தானாம். ஜனவரியில் வந்து எல்லாரிடமும் சொன்னார். அன்றைக்கு நான் தயாரித்துப் போன பாடத்தை எடுக்க முடியவில்லை. ஆளாளுக்கு ஒரு ஜெபம், ஒரு சங்கீதம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்புறம் 23-ஆம் சங்கீதத்தை எடுத்தோம். 'மேய்க்கிறார்', 'நடத்துகிறார்' என்று வரும் இடங்களில் ஆங்கில வினையின் கடைசியில் எஸ் சேர வேண்டும். பயிற்சித்தாளில் எத்தனை முறை எழுதினாலும் நிற்காத அந்த எஸ், சங்கீதத்தில் நின்றுவிட்டது. பொருள் ஏற்கெனவே அவர்களுக்குள் இருக்கிறது, ஆங்கிலத்தை மட்டும் அதன்மேல் வைத்தால் போதும். 1590-இல் காரோலி காஷ்பாரின் மொழிபெயர்ப்பில் முழு வேதாகமமும் அச்சான மொழி இது. 1607-இல் சென்ட்சி மோல்நார் ஆல்பெர்ட் ஜெனீவா மெட்டுகளுக்கு எழுதிய சங்கீதங்களை இன்றும் ஆராதனையில் பாடுகிறார்கள்.

ஆராதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெப்ரெசெனின் பெரிய ஆலயத்துக்கு உள்ளே போனால் வெள்ளைச் சுவர்தான். படம் இல்லை, சிலை இல்லை. 1849-இல் விடுதலைப் போராட்டத் தலைவர் கொஷூத், ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசரைப் பதவி நீக்கி ஹங்கேரியின் விடுதலையை அறிவித்த இடம் அது. ஜெபத்துக்கு எழுந்து நிற்கிறார்கள், பெரும்பாலான பாட்டுகளை உட்கார்ந்தே பாடுகிறார்கள். 90-ஆம் சங்கீதம் இவர்களுக்கு ஒரு தேசிய கீதம் போல. ஆகஸ்ட் கடைசியில் புது மாவு அப்பத்தோடு திருவிருந்து நடக்கும். அதைப் பார்த்தபோது எங்கள் ஊர் அறுப்பின் பண்டிகையை நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஆங்கில வகுப்பு என்று அறிவித்தால் ஆங்கிலம்தான் நடக்க வேண்டும். கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு பாச்சி, ஓய்வுபெற்ற பொறியாளர், சேரும்போதே கேட்டார்: 'என்னை ஜெபம் பண்ண வைப்பீர்களா?' மாட்டேன் என்றேன். பாடம் முடிந்ததும் தேநீர், அதற்குப் பிறகுதான் ஜெபம் என்று வைத்தோம். விருப்பம் இல்லாதவர் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம். அவர் அப்படித்தான் கிளம்புகிறார், யாரும் முகம் சுளிப்பதில்லை. வகுப்புக்கு முதலில் வருகிறவரும் அவர்தான். சங்கீதம் வாசிக்கும் வாரங்களில் அவருக்கு ரயில் அட்டவணையோ செய்தித்தாளோ தருகிறேன். மொழி தேவைப்பட்டு வருகிறவரின் தேவையைப் பிடித்துக்கொண்டு விசுவாசத்தைத் திணிப்பது இயேசுவின் வழி என்று எனக்குத் தோன்றவில்லை.

புடாபெஸ்டிலிருந்து ஒரு சகோதரர்:

அக்கா, கடைசியில் நீங்கள் எழுதியதைப் பற்றி ஒன்று சொல்லலாமா? நான் இங்கே ஸ்காட்லாந்துச் சபையின் ஆங்கில ஆராதனைக்குப் போயிருக்கிறேன். அந்தப் பணி 1841-இல் தொடங்கியதே யூதர்களைக் கிறிஸ்தவர்களாக்கத்தான். அதே காலத்தில் இங்கே டான்யூப் ஆற்றின் மேல் சங்கிலிப் பாலம் கட்ட வந்த ஸ்காட்லாந்துத் தொழிலாளர்களுக்கும் ஆராதனை நடத்தினார்கள். பிறகு பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். யூதப் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள்.

அந்தப் பிள்ளைகளின் விடுதிக் காப்பாளராக ஜேன் ஹெய்னிங் 1932-இல் வந்தார். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய பிறகு நாடு திரும்பும்படி சபை சொன்னது. பிள்ளைகளை விட்டுப் போக மாட்டேன் என்று தங்கிவிட்டார். 1944-இல் ஜெர்மானியர்கள் அவரைக் கைது செய்தார்கள். பிள்ளைகள் யூதர் என்று அடையாளம் காட்டும் மஞ்சள் நட்சத்திரம் அணிந்திருந்ததைக் கண்டு அழுதார் என்பதும் அவர்மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று. அந்த ஆண்டு ஜூலையில் ஆஷ்விட்ஸ் நாஜி முகாமில் இறந்தார், வயது 47. டான்யூப் கரையின் ஒரு பகுதிக்கு இப்போது அவர் பெயர்தான். மதம் மாற்ற வந்த பணியில் இருந்தவர்தான், ஆனால் யார் எந்த மதம் என்று பார்க்காமல் கூடவே நின்றார். எனக்கு உங்கள் தேநீர் ஏற்பாடும் அந்த வழியில் வருவதாகவே படுகிறது.

சென்னையிலிருந்து ஒரு சகோதரி:

அடுத்த வருஷம் டெப்ரெசெனுக்குப் படிக்க வருகிறேன். எனக்கு ஹங்கேரியன் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. உங்கள் வகுப்பில் உதவ முடியுமா அக்கா?

பதில்:

சகோதரர் எழுதியதற்கு மிகவும் நன்றி. இதை என் வகுப்பில் சொல்லப்போகிறேன், பாச்சியும் இருக்கும் நேரத்தில்.

தங்கச்சி, தாராளமாக வாம்மா. ஹங்கேரியன் தெரியாதது இங்கே உதவிதான். உன்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசியாக வேண்டும். சபையில் 'ஆல்தாஷ், பேகெஷ்ஷேக்' என்று வாழ்த்துவார்கள், ஆசீர்வாதமும் சமாதானமும் என்று பொருள். அதை மட்டும் கற்றுக்கொண்டு வா. பேசும்போது மெதுவாகப் பேசு. நம் ஆங்கிலத்தின் வேகம் அவர்களுக்குப் பிடிபடாது. எழுத்துகளைப் பெரிதாக அச்சிடு, பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வருவார்கள். வந்து சேர்ந்ததும் இங்கேயே ஒரு செய்தி போடு, வகுப்பு நாளைச் சொல்கிறேன்.