போனைப் பறித்தால் பிள்ளையைத் தெரிந்துவிடுமா?

உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) குடும்பமாக வாருங்கள் என்றால் புத்தகத்தில் தாய், தகப்பன், பிள்ளை, மூன்று கதிரை போதும். மட்டக்களப்பில் அப்படிக் கணக்குப் போட முடியாது. மகளுக்கு வீடு கொடுத்து மருமகன் அங்கே வந்து இருக்கிற ஊர், ஆகவே அம்மம்மா வருவார், மாமா வருவார், பக்கத்து வளவுச் சித்தியும் எட்டிப் பார்ப்பார். தாய் குவைத்தில் இருப்பார்.

நான் உளவளத்துணை செய்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பையன், ஓ.எல். (பதினொராம் ஆண்டுப் பொதுப் பரீட்சை) எழுதப் போகிறவன், டியூஷன் கிளாசுக்கு என்று சொல்லிவிட்டு வேறெங்கோ போகிறான். மாமா போனைப் பறித்துப் பார்க்கிறார், அம்மம்மா அயலில் விசாரிக்கிறார், இரவானால் தாயின் வாட்ஸ்அப் குறுக்கு விசாரணை. இவ்வளவு காவல் போட்டும் அவன் எங்கே போகிறான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை!

சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கேட்டு ஸ்டாட்டின், கெர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வுதான் அப்போது நினைவுக்கு வந்தது. பிள்ளையைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிவதில் பெரும்பங்கு பிள்ளை தானாகச் சொல்வதால் வருகிறது, துருவிக் கேட்டும் கட்டுப்படுத்தியும் கிடைப்பது கொஞ்சம்தான். கண்காணிப்பு நல்லது என்று அதற்கு முன்னர் சொன்ன ஆய்வுகள் பலவும் உண்மையில் அளந்தது, பெற்றோருக்கு எவ்வளவு தெரியும் என்பதைத்தான்.

சரி, அவன் கடைசியாகத் தானாக ஏதாவது சொன்னபோது என்ன நடந்தது என்று கேட்டேன். வாவியில் கூட்டாளிகளோடு குளித்ததை அம்மம்மாவிடம் சொல்லியிருக்கிறான். இரவுக்குள் கதை மாமாவிடம் போய் அடி விழுந்திருக்கிறது, குவைத்துக்கும் போய்த் தாய் அழுதிருக்கிறார். அதற்குப் பிறகு யார் வாயைத் திறப்பார்கள்?

ஆபத்து இல்லாத விசயம் அம்மம்மாவோடு நிற்கட்டும் என்று பேசி வைத்தோம். மாமா லேசில் இறங்கவில்லை, "அடியாத மாடு படியாது" என்றார். கண்டிப்பே வேண்டாம் என்று ஆய்வும் சொல்லவில்லை. கண்டிப்பும் அன்பும் விளக்கமும் சேர்ந்த வளர்ப்பைத்தான் 1960களிலிருந்து அமெரிக்க உளவியலாளர் பாம்ரிண்ட் சிறந்ததாகச் சொல்லி வந்தார். ஏழு மணிக்குள் வீட்டுக்கு வரவேண்டும், அதைப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, கை வைக்கக்கூடாது என்றதும் கொஞ்சம் அடங்கினார்.

தாயோடு பேசியதுதான் கடினம். "உனக்காகத்தானே மனே இங்க கிடந்து சாகிறன்" என்பது ஒவ்வொரு அழைப்பிலும் வரும் வசனம். குற்றவுணர்வை ஏற்றிப் பிள்ளையைப் பிடித்து வைப்பது, விதி போடுவதிலிருந்து வேறான சங்கதி என்று பார்பர் என்ற ஆய்வாளர் 1996இல் பிரித்துக் காட்டியிருக்கிறார். அதை எளிய தமிழில் சொன்னேன். "உண்மையைத்தானே சொல்றன், வேற எதைச் சொல்ல?" என்றார். அவருடைய சம்பளத்தில்தான் வீடே ஓடுகிறது, அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. கிளாசைப் பற்றிக் கேட்கும் முன் வேறு ஏதாவது பேசுங்கள், அது போதும் என்று மட்டும் சொன்னேன்.

பிறகு ஒருநாள் அவனே அம்மம்மாவிடம் சொல்லியிருக்கிறான், மோட்டார் சைக்கிள் கராச்சில் வேலை பழகுகிறானாம். கணக்குக் கிளாசுக்கு இன்னும் ஒழுங்காகப் போவதில்லை, அந்தச் சண்டை நடந்துகொண்டே இருக்கிறது.

அம்பாறைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் எழுதுங்கள், தாய் வெளிநாட்டில் என்றால் நீங்கள் யாரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறீர்கள்?