மைக் 2 செ.மீ. நகர்ந்தாலே வேறு கிட்டார்: கிட்டார் ஆம்ப் ரெக்கார்டிங் அனுபவங்கள் (மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்)

ஆறாவது ஸ்ட்ரிங்

காலையில் இடது பக்க ரிதம், சாப்பாட்டுக்குப் பிறகு வலது பக்க ரிதம். அதே கிட்டார், அதே ஆம்ப், ஒரு குமிழைக்கூட யாரும் தொடவில்லை. இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் இடது பக்கம் நறுக்கென்று கடிக்கிறது, வலது பக்கம் மந்தமாகக் கிடக்கிறது. ஈக்யூ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது) போட்டு நிமிர்த்தவும் முடியவில்லை. போய்ப் பார்த்தால் மைக் ஸ்டாண்டின் பூம் கை (மைக்கைத் தாங்கும் நீட்டுக் கை) 2 செ.மீ. தொங்கியிருந்தது. காலையில் டஸ்ட் கேப் (ஸ்பீக்கரின் நடுவில் இருக்கும் வட்ட மூடி) விளிம்பைப் பார்த்திருந்த எஸ்எம்57 மைக், மதியம் அதைச் சுற்றியுள்ள வெறும் கோனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

12 இஞ்ச் ஸ்பீக்கரில் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வரும் சத்தம் பெரும்பாலும் நடுப்பகுதியிலிருந்து குறுகலான கற்றையாகத்தான் வருகிறது. கேப்பும் கோனும் சேரும் அந்த வளையத்தில்தான் கூர்மையும் சதைப்பிடிப்பும் ஒன்றாகக் கிடைக்கும். உள்ளே போனால் முள், வெளியே போனால் மந்தம். மைக் துணியை ஒட்டி இருக்கும்போது 1 செ.மீ. நகர்வே காதுக்குத் தெரியும்.

இப்போது செய்வது இது. பூமை முழுக்க நீட்டுவதில்லை. கை ஸ்டாண்டின் மூன்று கால்களில் ஒன்றுக்கு நேர் மேலே வரும்படி திருப்பி வைக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்தால் குமிழ் தானாக இறுகுமோ அந்தப் பக்கமாகவே மைக்கின் எடை இழுக்கட்டும். கேபிளை ஒரு வளையம் விட்டு ஸ்டாண்டில் கட்டிவிட்டால் அதன் கனம் மைக்கை இழுக்காது. கிரில் துணி வழியாக உள்ளே டார்ச் அடித்தால் கேப் எங்கே இருக்கிறது என்று தெரியும், அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டலாம். தூரத்துக்கு ஒரு பென்சிலை அளவாக வெட்டி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் அதே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) 10 விநாடி பதிந்து முதல் பதிவோடு ஒட்டிக் கேட்டால் வித்தியாசம் உடனே பிடிபடும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

கேபிள் சுருள்

எஸ்எம்57 தனியாக அருமை. ராயர் ஆர்-121 ரிப்பன் மைக் (மெல்லிய உலோக நாடாவால் ஒலியைப் பிடிப்பது) தனியாக அதைவிட அருமை. இரண்டு ஃபேடரையும் (ஒலி அளவை மாற்றும் நழுவு பிடி) ஏற்றினால் நடுவில் ஓட்டை விழுந்த மாதிரி ஒரு சத்தம், பவர் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அடித்தொண்டையே இல்லை. அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனைத் தட்டியதும் அடி முழுசாக வந்து நின்றது, ஆனால் மேலே ஏதோ காணாமல் போனது. அந்த நொடிதான் இன்னும் உறுத்துகிறது. இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. போலாரிட்டி பட்டன் ஒன்றைத்தான் தீர்க்கும்.

மற்றது தூரம். ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மைக் 3 செ.மீ. பின்னால் இருந்தால் முதல் பள்ளம் (இரண்டு அலையும் ஒன்றையொன்று அழிக்கும் அலைவரிசை) 5.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் விழும், கிட்டாரின் கடி இருக்கும் அதே இடம். 17 செ.மீ. பின்னால் இருந்தால் ஏறத்தாழ 1 கிலோஹெர்ட்ஸில் விழும். கணக்கு எளிது: 343-ஐ தூரத்தின் இரு மடங்கால் (மீட்டரில்) வகுத்தால் முதல் பள்ளம், அப்புறம் அதன் 3 மடங்கு, 5 மடங்கு.

இரண்டு மைக்கின் வலையையும் ஒரே கோட்டில் நிறுத்திவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எஸ்எம்57-இன் டயஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் சவ்வு) முன்முனையை ஒட்டி இருக்கிறது, ரிப்பன் மைக்கில் ரிப்பன் உடலுக்குள்ளே தள்ளி இருக்கிறது. அதனால் ரிப்பன் மைக்கை ஒரு பொடி முன்னால் நகர்த்த வேண்டிவரும். சரிபார்க்க:

1. கையால் எல்லாக் கம்பியையும் அமுக்கி, பிக்கால் ஒரே ஒரு "டக்".
2. இரண்டு டிராக்கையும் பெரிதாக்கி முதல் முகட்டைப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிள் என்பது 7 மி.மீ. தூரம்.
3. இரண்டாவது மைக்கின் போலாரிட்டியைத் திருப்பிவிட்டு, அளவுகளைச் சமமாக வைத்து, சத்தம் எங்கே மிக மெலிந்து போகிறதோ அங்கே மைக்கை நிறுத்துங்கள். பிறகு போலாரிட்டியைப் பழையபடி திருப்புங்கள்.

மூன்றாவதற்கு ஹெட்ஃபோனும் ஆம்பருகே இன்னொரு ஆளும் வேண்டும்.

ஹம்பக்கர்

இவ்வளவு கணக்கு தேவையா? எஸ்எம்57-ஐ 5 செ.மீ.யில் வைத்து, ஒரு கண்டென்சர் மைக்கை 15 செ.மீ.யில் வைத்தபோது ஒரு திறந்த இ மைனர் கார்டு அறை முழுக்க விரிந்தது போலக் கேட்டது. 3:1 விதி, அவ்வளவுதான். இரண்டாவது மைக் மூன்று மடங்கு தூரத்தில் இருந்தால் ஃபேஸ் சிக்கல் (அலைகள் ஒன்றையொன்று அழிப்பது) வராது.

வால்வு வெப்பம்

ஹம்பக்கர், அந்தக் கார்டு நன்றாக இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் விதியைத் தவறான இடத்தில் போடுகிறீர்கள். 3:1 என்பது இரண்டு தனித்தனி மூலங்களுக்கு இரண்டு மைக் வைக்கும்போது சொல்வது. இரண்டு பாடகர்கள், இரண்டு மைக். பக்கத்து ஆளின் குரல் என் மைக்குக்கு மூன்று மடங்கு தூரத்திலிருந்து வந்தால் 9.5 டெசிபெல் குறைந்து வரும், அதனால் கலக்கும்போது கெடுதல் சிறிதாகும். அங்கே காப்பாற்றுவது தூரம் அல்ல, அந்த 9.5 டெசிபெல்.

இங்கே ஒரே ஸ்பீக்கர். 15 செ.மீ. மைக்கில் சத்தம் குறைந்து வருகிறது, நீங்கள் உடனே கெயினை ஏற்றி எஸ்எம்57-க்குச் சமமாக்கிவிடுகிறீர்கள். அந்தக் கணமே விதி செத்தது. வித்தியாசம் 10 செ.மீ., ஆகவே 1,715 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம், 5,145-இல் இன்னொன்று. இ மைனர் கார்டில் அது விரிவாகக் கேட்கலாம். அதே பொசிஷனில் ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஒரு சோலோ வாசித்துப் பாருங்கள், சில சுரங்கள் முன்னால் குதிக்கும், சில சுரங்கள் ஒளிந்துகொள்ளும்.

இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, கேபிள் சுருள் சொன்னபடி தூரத்தைச் சமமாக்குவது. இல்லையென்றால் துணிந்து தள்ளிப் போவது. 1.5 மீட்டரில் ஒரு அறை மைக் வைத்தால் தாமதம் 4.4 மில்லிவிநாடி. பள்ளங்கள் 229 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாக நெருங்கி விழுவதால் காது அதை அறையாக எடுத்துக்கொள்ளும். அதையும் அருகு மைக்கைவிட 10 டெசிபெல் கீழே வைத்தால் மேடு 2.4, பள்ளம் 3.3 டெசிபெல், அதற்குமேல் போகாது. 10 முதல் 40 செ.மீ. வித்தியாசம்தான் ஆபத்தான பகுதி. பள்ளங்கள் நடு அலைவரிசையில், ஒன்றுக்கொன்று தள்ளி, அப்பட்டமாகத் தெரியும்.

ஹம்பக்கர்

சோலோவில் சில சுரங்கள் ஒளிவது உண்மைதான். பத்தாவது ஃப்ரெட் பக்கம் இரண்டாவது கம்பியில். அதை கிட்டாரின் டெட் ஸ்பாட் (சுரம் சீக்கிரம் அடங்கும் இடம்) என்றே நினைத்திருந்தேன். இருந்தாலும் அந்தக் கார்டுக்கு அதே பொசிஷனைத்தான் வைப்பேன்.

பின்பலகை இல்லாதவன்

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் மாதிரி பின்பக்கம் திறந்த காம்போவை (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) பற்றி யாரும் பேசக் காணோம். முன்னால் ஒரு மைக், பின்னால் ஒரு மைக், இரண்டையும் கலந்தால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது, அதனால் பின் மைக்கின் போலாரிட்டியைத் திருப்பியே ஆகணும். கோனிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கணும். பின் மைக் வால்வுகளின் சூட்டுக்கு நேராக நிற்கக் கூடாது.

ஆனா உறுத்துறது அது இல்ல. காம்போ தரையில் இருந்தது, மைக் 30 செ.மீ. தள்ளி. கிட்டாரின் நடுப்பகுதி என்ன செய்தும் சப்பையா இருந்தது. ஆம்பைத் தூக்கி ஒரு நாற்காலி மேல வெச்ச உடனே அந்தச் சப்பை போயிடுச்சு, மைக் அதே 30 செ.மீ.தான்.

ஸ்பீக்கரின் மையம் தரையிலிருந்து 30 செ.மீ., மைக்கும் அதே உயரம். தரையில் பட்டு வர்ற ஒலி 67 செ.மீ. பயணம் பண்ணுது, நேரா வர்றது 30. வித்தியாசம் 37 செ.மீ., அதனால் 460 ஹெர்ட்ஸ் பக்கம் 5 டெசிபெல் பள்ளம். மையத்தை 75 செ.மீ.க்கு உயர்த்தினா பள்ளம் 140 ஹெர்ட்ஸுக்கு இறங்கி 2 டெசிபெல்லாச் சுருங்கிடும். கம்பளம் விரிச்சாச் சரியாகும்னு சொல்றவங்க உண்டு. மெல்லிய கம்பளம் மேல்சத்தத்தைத்தான் உறிஞ்சும், 460-ஐ ஒண்ணும் பண்ணாது. மைக் 5 செ.மீ.யில் இருந்தா இந்தக் கவலையே வேண்டாம், தரை ஒலி 20 டெசிபெல்லுக்கு மேல கீழே போயிடும். ஒரு விஷயம்: ஆம்பை உயர்த்தினா தரை கொடுக்கிற அடிச்சத்தம் குறையும். அது வேணும்னா தரையிலேயே விட்டு மைக்கை நெருக்கிப் போங்க.

ரிப்பன் காவலர்

கேபிள் சுருள் ஆர்-121 என்று எழுதியதைப் பார்த்ததும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேட்ச்பேயில் (கேபிள்களை மாற்றி இணைக்கும் பலகை) ஒரு பிளக்கைச் செருகிய அந்த நொடி "டப்" என்று ஒரு சத்தம், அதற்குப் பிறகு அந்த ரிப்பன் மைக்கில் மேல்சத்தமும் இல்லை, அளவும் இல்லை. 48 வோல்ட் ஃபேன்டம் (கண்டென்சர் மைக்குக்குக் கேபிள் வழியே போகும் மின்சாரம்) ஆனில் இருந்தது. கதை அவ்வளவுதான். கவனிக்க வேண்டியதை எழுதுகிறேன்.

சரியாக இணைத்த எக்ஸ்எல்ஆர் கேபிளில் ஃபேன்டம் பின் 2-இலும் பின் 3-இலும் சமமாக வரும், ரிப்பனுக்கு வித்தியாசமே தெரியாது. கேபிளுக்குள் ஒரு பின் ஷீல்டோடு ஒட்டியிருந்தாலோ, பேட்ச்பேயில் ஜாக்கைச் செருகும்போது ஒரு தொடுமுனை முதலில் பட்டாலோ, மின்சாரம் ஒரு பக்கமாகப் பாய்ந்து ரிப்பன் இழுபடும். ஆகவே ரிப்பன் மைக்கை இணைக்கும் முன் ஃபேன்டமை அணைத்து ஒரு நிமிடம் விடுங்கள், உள்ளிருக்கும் மின்னூட்டம் இறங்கட்டும். கேபிளை மல்டிமீட்டரில் பின்னுக்குப் பின் சோதியுங்கள். சில இன்டர்ஃபேஸ்களில் ஒரே பட்டன் இரண்டு சேனலுக்கும் ஃபேன்டம் கொடுக்கும். பக்கத்தில் கண்டென்சர் வைக்கும்போது இதை மறக்கவே கூடாது.

காற்றும் பகைதான். மைக்கில் ஊதிச் சோதிக்காதீர்கள். சீலிங் ஃபேனுக்குக் கீழே திறந்து வைக்காதீர்கள், ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகும்போது உறை போட்டே நடங்கள். ரிப்பன் தன் எடையில் தொய்யாதபடி நிறுத்தியே வையுங்கள்.

இன்னொன்று, ஆர்-121-இன் பின்முகத்தை வீணாக்காதீர்கள். ரிப்பன் முன்பக்கமாகத் தள்ளி வைக்கப்பட்டிருப்பதால் சுமார் 90 செ.மீ.க்குள் பின்முகம் சற்றுப் பளிச்சென்று பதியும். மந்தமான ஆம்புக்கு மைக்கைத் திருப்பினாலே போதும், போலாரிட்டியையும் கூடவே திருப்புங்கள். முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் எட்டு வடிவ மைக் என்பதால் பக்கவாட்டில் காது கேட்காது, டிரம்ஸ் அதே அறையில் இருந்தால் அந்தப் பக்கவாட்டை டிரம்ஸுக்குக் காட்டுங்கள். நெருங்கினால் அடிச்சத்தம் எக்கச்சக்கமாக ஏறும். 15 முதல் 20 செ.மீ.யில் தொடங்கிப் பிறகு உள்ளே வாருங்கள்.

கேபிள் சுருள்

ஃபேன்டம் அணைத்துத்தான் இருந்தது. பின்முகம் பற்றிச் சொன்னது நல்ல தகவல்.

டிராப் சி

மெட்டல் பக்கம் வருவோம். ஸ்வீடனின் கோதன்பர்க்கில் தயாரிப்பாளர் ஃப்ரெட்ரிக் நார்ட்ஸ்ட்ரோமின் ஸ்டுடியோ ஃப்ரெட்மேன் பெயரால் வழங்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: இரண்டு எஸ்எம்57, ஒன்று நேராக, ஒன்று சாய்வாக, முகங்கள் ஒட்டி. மறக்க முடியாதது, சாய்ந்த மைக்கின் ஃபேடர் மேலே வரவர பாம் மியூட்டின் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிப்பது) மேலே இருந்த "ஸ்ஸ்" கரைந்து, அடி மட்டும் கெட்டியாக நின்ற அந்த இடம். ஈக்யூ ஒன்றும் இல்லை.

பலர் கெடுப்பது எங்கே என்றால், கோணத்தைப் பார்க்கிறார்கள், தூரத்தைப் பார்ப்பதில்லை. நேர் மைக் கேப் விளிம்பைப் பார்க்கும், துணியிலிருந்து 2 முதல் 3 செ.மீ. மற்றது 45 முதல் 55 டிகிரி சாய்ந்து, அதன் முனை முதல் மைக்கின் முனையை ஏறத்தாழ தொட்டுக்கொண்டு, கோனிலிருந்து அதே ஆழத்தில். சாய்க்கும்போது முனை பின்வாங்கும், திரும்ப முன்னால் தள்ளணும். 1 செ.மீ. விட்டாலும் 17 கிலோஹெர்ட்ஸ் போச்சு, பரவாயில்லை. 3 செ.மீ. விட்டால் கடி போச்சு.

4×12 கேபினெட்டில் (12 இஞ்ச் ஸ்பீக்கர் நாலு உள்ள பெட்டி) நாலு ஸ்பீக்கரும் ஒரே மாடல் என்றாலும் ஒரே மாதிரி பேசாது. நாலிலும் அதே பொசிஷனில் பதிந்து கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்க. கீழ் வரிசை தரையின் உதவியால் கொஞ்சம் தடிப்பாக இருக்கும். டபுள் டிராக் (அதே பகுதியை மறுபடி வாசிச்சு அடுக்குவது) போடப்போறீங்கன்னா ஆம்பின் கெயினைக் குறைச்சு வாசிங்க, நாலு டிராக் அடுக்கினா அழுக்கு நாலு மடங்கு. 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ள சத்தத்தை வெட்டும் ஃபில்டர்) சாதாரண டியூனிங்கில் சரி, அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ். அடிக்கம்பியை சி-க்கு இறக்கும் டிராப் சி டியூனிங்கில் அது 65, அதனால் 60-க்கு இறக்குங்க.

ஆறாவது ஸ்ட்ரிங்

கேப்பும் கோனும் சேரும் அந்த வளையத்தை முதல்முறை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? டேப் ஒட்டுவது அதற்குப் பிறகுதானே.

அடுக்குமாடி ஆம்ப்

ஆம்பின் இரைச்சலை வைத்து. கிட்டார் வால்யூம் பூஜ்யம், ஆம்ப் கெயின் ஏற்றம், நன்றாக மூடும் ஹெட்ஃபோன். மைக்கை நடுவிலிருந்து வெளியே மெல்ல நகர்த்தினால் "ஸ்ஸ்ஸ்" உச்சத்திலிருந்து திடீரென்று மங்கும் இடம் ஒன்று வரும், அதுதான் விளிம்பு. அங்கிருந்து அரை செ.மீ. இப்படி அப்படி வைத்து உண்மையான ரிஃபைப் பதியுங்கள். கிரில்லுக்கு முன்னால் காதை வைத்துத் தேட வேண்டாம், 100 டெசிபெலில் காதுக்குப் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான்.

வீட்டில் சின்ன சத்தத்தில் பதிபவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஒரு சுத்தமான ஆர்பெஜியோவில் (கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது) ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே "டிக் டிக்" என்று பிக் சத்தம். ஆம்பிலிருந்து வருவதில்லை, கிட்டார் கம்பியே மைக்கில் நேராக விழுகிறது. வாசிப்பவர் 3 மீட்டர் தள்ளி, மைக்கின் முதுகுப் பக்கம் உட்கார வேண்டும், முடிந்தால் அடுத்த அறை. நீள கிட்டார் கேபிள் மேல்சத்தத்தைத் தின்னும். அதனால் ஆம்ப் ஹெட் வாசிப்பவரிடம் இருக்கட்டும், கேபினெட்டுக்கு நீளமான ஸ்பீக்கர் கேபிள் போடுங்கள். கிட்டார் கேபிளை அந்த வேலைக்குப் போடக் கூடாது, வால்வு ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.