இராமலிங்க விலாசத்துச் சுவர்களில் அடுக்களை எங்கே?

கேள்வி (தேவிபட்டினத்திலிருந்து)

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்கு என் மகளை அழைத்துச் சென்றிருந்தேன். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்ட அந்தச் சுவரோவியங்களில் தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் இருக்கிறது. ஐரோப்பியரைச் சேதுபதி வரவேற்கும் காட்சி இருக்கிறது. இராஜராஜேஸ்வரி செங்கோல் வழங்குவதும் இருக்கிறது. பெண்களும் நிறையவே இருக்கிறார்கள். ஆனால், "நெல் குத்துகிறவர் யாரும் இல்லையா, அம்மா?" என்று மகள் கேட்டபோது என்னால் ஒருவரையும் காட்ட முடியவில்லை. பெண்களின் வீட்டு வேலையைப் பழைய ஓவியங்களில் எங்கே தேடுவது?

மறுமொழி (இராமநாதபுரத்திலிருந்து)

சகோதரி, பொருள் கொடுத்தவர் எதைக் காண விரும்பினாரோ அதுவே சுவரில் ஏறியது. நம் மரபில் வீட்டு வேலை பெரும்பாலும் தெய்வக் கதையின் வழியாகவே ஓவியத்துக்குள் நுழைகிறது. யசோதை தயிர் கடைவதால்தான் மத்தும் கயிறும் பானையும் வரையப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை ஓவியர்கள் ஆங்கிலேயருக்காகத் தீட்டிய தொகுப்புகளில் சாதிவாரியாகவும் தொழில்வாரியாகவும் கணவனும் மனைவியும் இடம்பெறுகிறார்கள். அவற்றில் பல பெண்கள் குடத்தையோ கூடையையோ ஏந்தி நிற்கிறார்களே தவிர, வேலையில் குனிவதில்லை என்பது என் மனத்தை உறுத்தும் குறை.

17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் நிலைமை வேறு. அங்கே சீர்திருத்தத் திருச்சபைகள் வழிபாட்டு ஓவியங்களை விலக்கியதால், ஓவியர்கள் நகரத்து வணிகர்களை நம்பி வாழ்ந்தார்கள். அவர்களோ தம் வீட்டுச் சுவருக்கேற்ற சிறிய படங்களை வாங்கினார்கள். அந்நாட்டு ஓவியர் வெர்மீரின் பால் ஊற்றும் பணிப்பெண் ஓவியம் 45.5 செ.மீ. உயரமும் 41 செ.மீ. அகலமுமே உடையது.

மறுமொழி (பாம்பனிலிருந்து)

அக்கா, ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் இருபது வயது நிறையும் முன்பே, 1618இல் தீட்டிய முட்டை பொரிக்கும் கிழவியின் ஓவியத்தை மகளுக்குக் காட்டுங்கள். மண்சட்டி, மரக்கரண்டி, சிறிய பித்தளை உரல், கிண்ணத்தின் மேல் கிடக்கும் கத்தி, அக்கத்தியின் நிழல் என எதையும் அவர் விட்டுவிடவில்லை. ஒரு கையில் முட்டையும் மறு கையில் கரண்டியும் வைத்திருக்கும் அந்தக் கிழவியின் கண் சட்டியில் இல்லை. கை மட்டும் தன் வேலையை அறிந்திருக்கிறது.

என் அப்பத்தாவும் அப்படித்தான். கடற்கரை மணலில் தோண்டிய ஊற்றின் அருகே குந்தியிருந்து, அடிமண் கலங்காமல் சிரட்டையால் மோந்து குடத்தில் ஊற்றும்போது, அவர் கண் தோணி வருகிறதா என்று கடலையே பார்த்துக்கொண்டிருக்கும். குடம் நிறைவதற்குள் ஊற்று வற்றிவிடும். மறுபடியும் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை யாராவது ஒருவர் வரைந்திருக்கலாகாதா என்று இன்றும் ஏங்குகிறேன்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கிழவியின் ஓவியத்தை நேற்றிரவு வீட்டில் எல்லோரும் பார்த்தோம். அந்தச் சிறு உரலில் எதை இடித்திருப்பார்கள் என்று மகள் கேட்டாள். பூண்டாக இருக்கும் என்று சொன்ன என் மாமியார், பரணில் கிடந்த தம் இரும்பு உரலை இறக்கித் தரச் சொன்னார்.