4ஏ-எஃப்இ ஹெட்டா, 7ஏ-எஃப்இ ஹெட்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?

வணக்கம் அண்ணன்மார்களே. என்னிடம் இருப்பது அப்பா ஓட்டிய 1994 டொயோட்டா கொரோலா. சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான சான்று) புதுப்பித்து இன்னும் வைத்திருக்கிறோம், விற்க மனசு வரவில்லை. என்ஜின் 4ஏ-எஃப்இ, 1.6 லிட்டர். போன வாரம் பிஐஇ விரைவுச்சாலையில் ஹீட் ஏறி ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது. ஹெட்டைக் கழற்றி, ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் நடுவில் 0.10 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைகிறது; அதாவது ஹெட் வளைந்திருக்கிறது.

காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் பழைய ஹெட் ஒன்று கிடைத்தது. "4ஏ-தான், அப்படியே உட்காரும்" என்றார்கள். வீட்டில் கவரைத் திறந்து பார்த்தேன். டைமிங் பெல்ட் ஒரு கேமை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மட்டும்தான் சுழற்றுகிறது, அடுத்த கேமை உள்ளே ஒரு சின்னப் பல்சக்கரம் சுழற்றுகிறது. அதனால் இது 4ஏ-ஜிஇ (அதே 4ஏ குடும்பத்தின் இன்னொரு வகை) கிடையாது; அதில் இரண்டு கேமுக்கும் தனித்தனி பெல்ட் சக்கரம் உண்டு. வால்வு சாய்வும் குறுகலாகவே இருக்கிறது.

சரி, எஃப்இ என்பது உறுதி. ஆனால் 1.8 லிட்டர் 7ஏ-எஃப்இ-யிலும் இதே அமைப்புதானே! இரண்டுக்கும் போர் (சிலிண்டர் விட்டம்) 81 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்)தான் வேறு. அதனால் கேஸ்கெட்டை வைத்துப் பார்த்தும் தெளிவாகவில்லை.

இரண்டையும் கையில் பிடித்தவர்கள் சொல்லுங்கள்: வார்ப்பு எண், போர்ட் (காற்றும் புகையும் போகும் துளை) அளவு, எதைப் பார்த்துப் பிரிப்பது? 7ஏ ஹெட்டாக இருந்தால் என் பிளாக்கில் போடலாமா? இல்லை, என் காரின் ஹெட்டையே ஸ்கிம் செய்வது (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது) நல்லதா? அப்புறம், ஸ்கிம்மிங் ஒழுங்காகச் செய்யும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்கள். படங்கள் கீழே போட்டிருக்கிறேன்.