‘இன்’ என்று தொடங்கும் ஆங்கிலச் சொற்கள்: பொருள் பிரிக்க வழி உண்டா?

நண்பர்களே, ஆங்கிலம் புதிதாகப் படிப்பவர்களுக்காக ‘இன்’ முன்னொட்டுச் சொற்கள் அறுபதைத் தொகுக்கிறேன். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறது.

லத்தீனிலேயே ‘இன்’ இரண்டு. ஒன்று ‘அல்ல’, இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது. மற்றது ‘உள்ளே’, இன்ஹேல் என்றால் மூச்சை உள்ளிழுப்பது.

முதலில் எழுத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். பி, எம் முன்னால் ‘இம்’, எல் முன்னால் ‘இல்’, ஆர் முன்னால் ‘இர்’ என்று இரண்டுமே ஒரே மாதிரி திரிகின்றன. இம்பாசிபிள், இம்போர்ட், இல்லீகல், இல்லுமினேட், இர்ரெகுலர், இர்ரிகேட். பயனில்லை.

அடுத்து, மீதிப் பகுதி பெயரடையானால் ‘அல்ல’, வினையானால் ‘உள்ளே’ என்று வைத்தேன். பெரும்பாலும் சரி. இன்ஃப்ளேமபிள்தான் கவிழ்த்தது. ‘ஃப்ளேமபிள்’ பெயரடை, ஆனால் இரண்டுக்குமே எளிதில் தீப்பற்றுவது என்றே பொருள், ஏனென்றால் இன்ஃப்ளேமபிள் ‘இன்ஃப்ளேம்’ (தீமூட்டு) என்ற வினையிலிருந்து வந்தது. (தப்பாகப் படித்தால் ஆபத்தான சொல் இது.) இன்னும் மூன்று சொற்களும் இடறுகின்றன: இன்வேல்யுவபிள் ‘மதிப்பற்றது’ அல்ல, விலைமதிப்பற்றது. இன்ஃபேமஸ் ‘புகழில்லாதவர்’ அல்ல, கெட்ட பெயர் எடுத்தவர். இன்டிஃபரன்ட் ‘வேறுபடாதது’ அல்ல, அக்கறையற்றது.

அகராதி ஒவ்வொன்றாகச் சொல்கிறது, விதி தருவதில்லை.

இந்த நான்கையும் தனிப்பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்காமல், சொல்லைப் பார்த்ததுமே பிடிக்க உதவும் சோதனை ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?